அருவியை நிறுத்தச் சொன்ன தினுசு சார்

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் உண்டு, குளித்துவிட்டுச் சாப்பிட வருகிறவர்கள் உண்டு, இரண்டும் இல்லாமல் சும்மா செல்ஃபி எடுக்க வருகிறவர்களும் உண்டு. ஆனால் சீசன் உச்சத்தில், தலைகளைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெயின் அருவியில் விசில் ஊதிக்கொண்டிருந்த போலீஸ்காரரிடம் போய், "சார், இந்தத் தண்ணிய ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்த முடியுங்களா?" என்று கேட்ட மனிதர், அருவி விழ ஆரம்பித்த நாளிலிருந்து ஒருவர்தான். அவரோடு நான் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன்.

போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"எதுக்குவே?"

"பின்னாடி இருக்கிற பாறையைப் பார்க்கணுங்க. தண்ணி மறைக்குது."

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கையில் குடை, தோளில் பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு சுத்தியல். "ஊரு உலகமே இங்கன தண்ணியப் பாக்க வருது. நீரு பாறையப் பாக்க வந்தீராக்கும்? நாளைக்கு வாரும், மேல சொல்லி அடைச்சு வைக்கேன்" என்றார். இவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து 'நாளை' என்று எழுதிக்கொண்டார். மறுநாள் நிஜமாகவே போய் நின்றார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் எங்களுக்கு அவர் தினுசு சார். எங்கே போய் இறங்கினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இங்க எத்தனை தினுசு?" என்பதுதான்.

எங்கள் ஆபீஸ் தென்காசியில் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் இருந்தது. கீழே கொத்துப் பரோட்டா கொத்த ஆரம்பித்தால் மேலே என் விரல்களும் அதே தாளத்தில் கீபோர்டில் ஓடும். ஆள் மொத்தம் மூன்று பேர். வெளியே போய் அளந்து வருவதற்குத் தினுசு சார். அவரை ஜீப்பில் கொண்டுபோய்க் கொண்டுவருவதற்குச் செய்யது அண்ணன். அளந்து வந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு நான். எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. கோபம் அப்போதும் மூக்கு நுனியில்தான் இருந்தது.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். தென்காசி மாவட்டத்தின் வரைபடத்தின் மேல் கட்டம் போட்டிருந்தார்கள். ஒரு கட்டம் என்பது நீளத்தில் இரண்டு கிலோமீட்டர், அகலத்தில் இரண்டு கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எத்தனை வகைக் கல், எத்தனை வகை மண், எத்தனை விதமான மேடு பள்ளம் சரிவு, அருவியா சுனையா ஓடையா என்று பார்த்து, ஒரு தினுசுக்கு ஒரு மார்க் போட வேண்டும். கூட்டினால் அந்தக் கட்டத்தின் மார்க். நிறைய மார்க் வாங்கிய கட்டம் கம்ப்யூட்டரில் கரும்பச்சையாகத் தெரியும், குறைய வாங்கியது வெளிர்பச்சை, ஒன்றிரண்டுக்கு மேல் தேறாதது வெள்ளை. எந்த இடத்தை உடைக்காமல் தோண்டாமல் காப்பாற்ற வேண்டும் என்று நாளைக்கு யாராவது யோசித்தால், அந்த வரைபடத்தை விரித்துப் பார்ப்பார்களாம்.

இதில் அளவுக்கு மதிப்பே கிடையாது. மலையே ஒரே பாறையாக இருந்தாலும் அதற்கு மார்க் ஒன்றுதான். ஒரு முறத்தளவு இடத்தில் நாலு விதக் கல் கிடந்தால் நாலு. பண்பொழி மலைக்கோயில் படியில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பக்தரிடம், "இவ்வளவு பெரிய மலைக்குப் பாறையில ஒரே மார்க்குதாங்க, பாவம்" என்று தினுசு சார் வருத்தப்பட்டிருக்கிறார். அந்த பக்தர் முருகன் சார்பில் சண்டைக்கு வந்துவிட்டார். செய்யது அண்ணன்தான் இடையில் புகுந்து, "அண்ணாச்சி, சாரு வெளியூரு" என்று சமாதானம் செய்து கூட்டி வந்தார்.

வெளியூர்தான். தஞ்சாவூர்ப் பக்கம், கடைமடை. "எங்க ஊர்ல நாய் துரத்தினா எறியறதுக்கு ஒரு கல்லு கிடைக்காதுங்க மேடம்" என்று சொல்வார். வயல், வாய்க்கால், மறுபடி வயல். பள்ளிக்கூடம் போகிற வயதில் ரயிலடியில் முதல் முதலாக ஜல்லியைப் பார்த்து, ஒன்றை எடுத்து டவுசர் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் தூங்கினாராம். அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுவந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அடியில் விட்டால் என்ன ஆகும்? இனிப்புக் கடைக்குள் பூட்டி வைத்தது மாதிரிதான்.

மாதிரி என்ன, உண்மையிலேயே நாக்கை நீட்டிவிடுவார். கல்லை நனைத்தால் அதன் நிறமும் உள்ளே இருக்கும் புள்ளியும் நன்றாகத் தெரியுமாம். தண்ணீர் பாட்டில் பையின் அடியில் கிடக்கும். நாக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆகவே ஒரு நக்கு. மண் என்றால் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்து நறநறவென்று கடிப்பார். நறநறத்தால் மணல் சேர்ந்தது, வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி. ஒருமுறை பாவூர்சத்திரம் தாண்டி ஒரு தோட்டத்தில் இவர் மண்ணை மென்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மிளகாய் பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் செய்யது அண்ணனைத் தனியே கூப்பிட்டிருக்கிறாள்.

"ஏ தம்பி, ஆம்பளையாளுக்கும் மசக்க வருமா? சாம்பலு கேக்காரா, புளி கேக்காரா, கேட்டுச் சொல்லு. எங்க வீட்ல ரெண்டும் இருக்கு."

செய்யது அண்ணன் சவூதியில் பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். "மேடம், இந்த மனுசன அங்கன கூட்டிட்டுப் போயிருக்கணும். பன்னெண்டு வருசம் ஓட்டுனேன், மணலு, மணலு, மணலு. ஒரே நாள்ல மார்க்கப் போட்டுட்டு ஊருக்கு வந்திருக்கலாம்" என்பார்.

எண்ணுகிற வியாதி கல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்ததையெல்லாம் எண்ணி, "பதினாறு தினுசு, அருமையான கட்டம்" என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்து இலைக்கு அவியல் வரவில்லை என்பதால் அதற்குப் பதினைந்துதான் கொடுத்தார். அந்த இலைக்காரர் பெண் வீட்டாரிடம் போய் முறையிட, ஒரு வாளி அவியல் ஓடி வந்தது. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் அதைவிட மோசம். வரிசையாகக் கடை கடையாக நின்று கத்தரிக்காயில் எத்தனை வகை, வெங்காயத்தில் எத்தனை வகை என்று நோட்டில் குறித்துக்கொண்டே போயிருக்கிறார். யாரோ ஒரு லோடுமேன், "ஏலே, டாக்ஸ்காரன் வந்திருக்காம்லே!" என்று குரல் கொடுக்க, அந்த வரிசையில் ஷட்டர்கள் சடசடவென்று இறங்கின. இவர் வெளியே நின்று, "ஏங்க மூடறீங்க, இன்னும் மிளகாய் பார்க்கலையே" என்று தட்டிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். இனி சொல்லப்போவது நான் செய்த அயோக்கியத்தனம்.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் குற்றாலம். நான் பிறந்தது வீரகேரளம்புதூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு குளம், நாலு தெரு, சுற்றி மக்காச்சோளம். அவ்வளவுதான். இவருக்கு இதில் ஒரு இளக்காரம். சாரல் விழுந்தால் ஏதோ இவரே மேலே உட்கார்ந்து பன்னீர் தெளிப்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். "எங்கூர்ல மல இருக்கு, அருவி இருக்கு, காடு இருக்கு. உங்கூர்ல என்னட்டி இருக்கு? வெயிலு!" இதைப் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகு ஒரு புதுத் தொந்தரவும் சேர்ந்தது. தினமும் சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போதே கேட்பார்: "எங்கூருக்கு எத்தன மார்க்கு?"

குற்றாலக் கட்டத்துக்குப் பத்தொன்பது வந்திருந்தது. மாவட்டத்திலேயே அதுதான் அதிகம். சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். அன்று இரவு அவர் சாப்பிட்ட தோசையிலேயே ஒரு கர்வம் இருந்தது. "உங்கூருக்கு?" என்றார். இன்னும் அளக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த வாரம் அளந்துவிட்டார்கள். தினுசு சாரின் நோட்டுப் புத்தகத்தில் என் ஊர்க் கட்டத்துக்கு எழுதியிருந்தது இரண்டு. செம்மண் ஒன்று, சமவெளி ஒன்று. தீர்ந்தது. எத்தனை நேரம் பார்த்தீர்கள் என்று செய்யது அண்ணனிடம் கேட்டேன். "எங்க பாத்தாரு? நல்ல வெயிலு. ஜீப்ப விட்டே இறங்கல. ஓட ஓட எழுதிட்டாரு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலைக்கட்டம் என்றால் அட்டை கடிக்கக் கடிக்க ஏறுகிற மனிதர், எங்கள் ஊரைக் கடந்து போகிறபோது கண்ணால்கூட நன்றாகப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கேட்டார். என் வாய் என்னைக் கேட்காமல், "பன்னெண்டு" என்று சொல்லிவிட்டது.

வீட்டில் சொன்ன பொய் ஆபீஸில் நிஜமாக வேண்டாமா? மறுநாள் நோட்டை மறுபடி பார்த்தேன். அன்று காலை தினுசு சார் பழைய அருவியில் நனைந்து வந்ததில் அந்தப் பக்கம் முழுக்க மை கலங்கியிருந்தது. அந்த இரண்டுக்கு முன்னால் ஒரு நீலக் கறை. மனசிருந்தால் அதை ஒன்று என்று படிக்கலாம். எனக்கு மனசு நிறைய இருந்தது. பன்னிரண்டு என்று அடித்தேன். வெள்ளையாய்க் கிடந்த கட்டம் பச்சையாய் நிறம் மாறியது. அதைப் பார்த்ததும் பிறந்த வீட்டுக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

அதோடு அதை மறந்தும் போனேன். இரண்டு வருஷ வேலை முடிந்து மொத்த வரைபடத்தையும் சென்னைத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வரைபடம் சரிதானா என்று பரிசோதிக்க ஓர் அதிகாரி வருகிறார். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் நேரில் அளந்து பார்ப்பார். அது சரியாக இருந்தால் வரைபடத்தை ஏற்றுக்கொள்வார்கள். தப்பாக இருந்தால் மொத்தத்தையும் குப்பையில் போடுவார்கள்.

எந்தக் கட்டம் என்று கேட்கிறீர்களா? சுற்றிலும் வெள்ளைவெளேரென்று கிடக்கும் சமவெளியில் ஒற்றைக் கட்டம் மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றால், எந்த அதிகாரியின் கண்ணுக்குத்தான் படாது?

கடிதத்தைப் படித்துவிட்டுத் தினுசு சார் நோட்டை எடுத்துப் பார்த்தார். நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன். வெளிச்சத்தில் பிடித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

"எனக்கு இது ரெண்டுன்னுதான் ஞாபகம்" என்றார். "ஆனா மேடம் பன்னெண்டுன்னு அடிச்சிருக்காங்க. மேடம் இதுவரைக்கும் ஒரு நம்பரையாவது தப்பா அடிச்சிருக்காங்களா? இல்லை. அப்ப நான்தான் மறந்துட்டேன். அன்னிக்கு வெயில் ஜாஸ்தி."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட, அந்த மனிதர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை போய்விடுமே என்ற பயம்.

அதிகாரி வர மூன்று நாள் இருந்தது. மறந்துபோன அந்தப் பத்துத் தினுசையும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம் என்று தினுசு சார் கிளம்பினார். வழி காட்ட ஊர்க்காரியான நானும் போக வேண்டியதாயிற்று.

முதல் நாள் காலையில் தினுசு சார் எங்கள் அண்ணனின் தோட்டத்துக் கிணற்றுக்குள் இறங்கினார். கோடைக்காலம், தண்ணீர் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. மேலே செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாய்ச் சுக்கான் கல். "மூணு!" என்று கிணற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. இன்னும் இரண்டு படி இறங்கினார். கையால் உதிர்த்தால் உதிரும் மக்கிய பாறை. "நாலு!" ஆடு மேய்க்கிறவர், பால் ஊற்றப் போகிறவர் என்று ஒவ்வொருவராய்க் கிணற்று விளிம்பில் வந்து நின்றார்கள். அடியில் தண்ணீருக்கு மேலே தெரிந்த கரும்பாறையை ஒரு நக்கு நக்கினார். உள்ளே மாதுளை முத்து மாதிரி சிவப்புப் புள்ளிகள். "அஞ்சு!" என்று அவர் கத்தியபோது மேலே நின்றவர்கள் கைதட்டினார்கள். எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பன்னிரண்டு தினுசு காட்டாவிட்டால் ஊருக்கு அவமானம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் மேட்ச் பார்ப்பது போல, "ஸ்கோரு எவ்வளவுடே?" "அஞ்சு. இன்னும் ஏழு வேணும்" என்று பேச்சு. சாயங்காலம் ஜீப் பக்கத்தில் ஒரு கூட்டமே காத்திருந்தது. ஆளுக்கொரு கல். ஒருத்தி அம்மிக்குழவியைத் தூக்கி வந்திருந்தாள். ஒருவர் கையில் வீடு கட்டியபோது மிச்சமான பாத்ரூம் டைல்ஸ். இன்னொருவர் சமையல் மேடைக் கிரானைட்டில் உடைந்த துண்டு.

"இந்த இடத்துல தானா உருவானதுதாங்க கணக்கு. வெளியூர்லேருந்து வந்தது ஆகாது" என்று தினுசு சார் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கம் சொன்னார். எல்லோரும் போன பிறகு, ஒரு வயசாளி மட்டும் மடியிலிருந்து ஒரு சின்ன மருந்துப் பாட்டிலை எடுத்து நீட்டினார். உள்ளே பட்டாணி அளவில் ஒரு கல்.

"கிட்னிக்கல்லுய்யா. போன வருசம் எடுத்தது. நான் பொறந்ததும் இங்கனதான், குடிச்ச தண்ணியும் இந்த ஊரு தண்ணிதான். தானா உருவானதுதான இது?"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஜீப்புக்குப் பின்னால் ஓடிவிட்டேன். தினுசு சார் சிரிக்கவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லவேளை, நக்கவில்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நீங்க சொல்றது நியாயம்தாங்க ஐயா. ஆனா இது நிலத்துல இல்லாம உங்ககிட்ட இருந்திருக்கு. நிலத்துல இருக்கறதுக்குத்தான் எனக்கு மார்க் போட அதிகாரம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த வயசாளி அதில் ஒரு குறையும் காணாமல் திருப்தியாகப் போனார்.

இரண்டாம் நாள் சுடுகாட்டு ஓரத்தில் வெங்கச்சங்கல் கிடைத்தது. பால் மாதிரி வெள்ளையாய், நாங்கள் எல்லாம் சிறுவயதில் உரசித் தீப்பொறி பார்த்த கல். ஆறு. குளத்தின் அடியில் வெண்ணெய் மாதிரிக் களி. ஏழு. மூன்றாம் நாள் காலையில், கோயிலுக்குப் பின்னால் சோளக்காட்டுக்கு நடுவில் நீளமாய் ஒரு தாழ்ந்த இடம். தோண்டினால் ஆற்று மணல். எந்தக் காலத்திலோ அங்கே ஒரு ஓடை ஓடித் திசை மாறிப் போயிருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த ஊரில் எனக்கே அது தெரியாது. எட்டு.

அதன் பிறகு ஒன்றும் கிடைக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணி வெயிலில், முழங்காலும் கையும் ஊன்றி, வரப்பு வரப்பாய் அந்த மனிதர் தவழ்ந்துகொண்டிருந்தார். முகம் சிவந்து, உதடு வெடித்து, வாயோரத்தில் மண். செய்யது அண்ணன் பின்னாலேயே மோர்ச் சொம்போடு போனார். "போதும் சார், எந்திரிங்க" என்றேன்.

"இன்னும் நாலு இருக்குங்க மேடம். இருக்கும். நீங்க தப்பா அடிக்க மாட்டீங்க."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"சார், அது ரெண்டுதான். நாந்தான் வேணும்னே பன்னெண்டுன்னு மாத்தி அடிச்சேன்."

அவர் தவழ்ந்த நிலையிலேயே திரும்பிப் பார்த்தார். "ஏன் மேடம்?"

"எங்க ஊருல ஒண்ணுமில்லன்னு எழுதுனது எனக்குப் பொறுக்கல சார். நீங்க இறங்கிக்கூடப் பாக்கல."

செய்யது அண்ணன் மோரைத் தானே குடித்துவிட்டார். நாளைக்கு அதிகாரி வருவார், இரண்டு வருஷ உழைப்பு குப்பைக்குப் போகும், காரணம் நான். அழுகை வந்தது, அடக்கவில்லை.

தினுசு சார் எழுந்து வந்து வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டில் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டார். திடீரென்று அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மேடம், இங்க உண்மையில இருக்கறது எட்டு. நான் ரெண்டுன்னு எழுதினேன். ஆறு தப்பு. நீங்க பன்னெண்டுன்னு அடிச்சீங்க. நாலுதான் தப்பு. படிச்சுட்டு வந்து பார்த்தவன விட, பார்க்காம கோவத்துல அடிச்ச நீங்க உண்மைக்குக் கிட்ட இருக்கீங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் பார்த்ததில்லை. செய்யது அண்ணனுக்கும் தொற்றிக்கொண்டது. அழுதுகொண்டே நானும் சிரித்தேன். பக்கத்து வயலில் களை வெட்டியவர்கள், எங்கள் மூன்று பேருக்கும் வெயில் தலைக்கேறிவிட்டது என்று முடிவு செய்திருப்பார்கள்.

"ஆனா இனிமே அப்படிச் செய்யாதீங்க" என்றார் பிறகு, ரொம்பக் கண்டிப்பாக. அதற்கும் பிறகு, மணலைக் கையில் அள்ளி விரல் வழியே விட்டுக்கொண்டே, "நானும் சமதளத்துல பொறந்தவந்தான். அங்க ஒண்ணும் கிடையாதுன்னு சின்ன வயசுலேயே முடிவு பண்ணிட்டேன். எங்க ஊர்லயும் இறங்கிப் பார்க்கவே இல்லை மேடம்" என்றார்.

மறுநாள் அதிகாரி வந்தார். பருத்திச் சேலை கட்டி, ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட ஓர் அம்மாள், அறுபதை நெருங்கியவர். சிரிப்பு என்பது அவர் முகத்தில் அளக்க முடியாத பொருள். ஊரே திரண்டு நின்றது. தினுசு சார் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, இது பன்னெண்டு இல்லை, எட்டு. நான் மொதல்ல எழுதினது ரெண்டு. வண்டியில உக்கார்ந்தே எழுதினேன்."

"அப்ப மொத்த மேப்பும் தப்புதானே?"

"மலைக்கட்டம் எல்லாத்துலயும் ஏறிப் பார்த்திருக்கேன், அது சரி. சமவெளியில நான் வெள்ளையா விட்ட கட்டம் அத்தனையும் தப்பு. அங்க ஒண்ணும் இல்லாம இல்லீங்கம்மா, நான் பார்க்கலை."

"பன்னெண்டு எங்கேருந்து வந்துச்சு?"

நான் செய்யது அண்ணனுக்குப் பின்னால் நகர்ந்தேன். தினுசு சார் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அந்த ரெண்டு மேல மேடத்துக்குச் சந்தேகம் வந்துச்சு. அதனாலதான் நான் திரும்ப வந்து பார்த்தேன்" என்றார்.

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். விறுவிறுவென்று கிணற்றுப் படியில் இறங்கினார். அடிப் பாறையில் ஒரு சில்லைத் தட்டி எடுத்தார், இப்படியும் அப்படியும் பார்த்தார், பிறகு சாவகாசமாக நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினார்.

"ஏ, இந்த அம்மாவும் நக்குதாவடே!" என்று கிணற்று விளிம்பிலிருந்து ஒரு குரல். ஊரே ஆரவாரம் செய்தது. தினுசு சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தொலைந்துபோன சொந்தக்காரரைத் திருவிழாவில் கண்டுபிடித்த முகம்.

தீர்ப்பு இதுதான்: வரைபடத்தைக் குப்பையில் போடவில்லை. நாலு மாதம் அவகாசம். வெள்ளையாய்க் கிடக்கும் கட்டம் ஒவ்வொன்றையும் மறுபடி அளக்க வேண்டும், அதுவும் ஜீப்பில் இல்லை, நடந்து. தினுசு சார் அந்தக் கோடை முழுக்க நடந்தார். தெரியாத ஊர்க் கிணறுகளில் எல்லாம் இறங்கினார். செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது, ஆள் பாதியானார். ஒவ்வொரு கட்டமாய் என் திரையில் வெளிர்பச்சை ஏறிக்கொண்டே வந்தது. ஒரு எண்கூட மாற்றாமல் அடித்தேன், சத்தியமாக.

வீட்டில் விஷயம் தெரிந்ததும், "அப்ப எட்டுதானா?" என்றார் என் வீட்டுக்காரர். "எட்டுதான். ஆனா எங்கூரு எட்டு மூணு நாளு மண்டி போட்டுத் தேடுனது. உங்கூரு பாறைய எவன் பாத்தான்? அருவிய நிறுத்த முடியலன்னு விட்டுட்டு வந்துட்டாரு" என்றேன். அவர் எழுந்து போய்த் தன் தோசையைத் தானே சுட்டுக்கொண்டார். பத்து வருஷத்தில் அதுதான் முதல் முறை.

வேலை முடிந்ததும் ஆபீஸைக் காலி செய்தோம். தினுசு சார் வேறு ஏதோ மாவட்டத்துக்குப் போனார். போகிற முன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் தன் கையால் எழுதி, அடித்துவிடுங்கள் என்று என் மேஜையில் வைத்துவிட்டுப் படி இறங்கிவிட்டார். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: 'சமவெளிக் கட்டங்களின் மதிப்பீட்டில் இருந்த பிழையை முதலில் ஐயுற்று, மறு அளவீட்டுக்குக் காரணமாக இருந்தவர் எங்கள் கணினி ஆபரேட்டர்.'

ஐயமாவது, ஒன்றாவது! வீம்பு, வெறும் வீம்பு. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்தில் அவர் தெரிந்தே எழுதிய ஒரே தப்பு அந்த வரிதான். திருத்த வேண்டியது என் வேலை. கண்ணீர் திரையை மறைக்க மறைக்க, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே அடித்தேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.